சமதரை நடைக்கு நிழலும் பாலமும்: பினாங்கு ஆற்றோரங்கள், வாய்க்கால் கரைகள்

பினாங்கில் நடக்கப் போகலாம் என்றாலே பேச்சு மலைக்குத்தான் போகும். பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதை, புக்கிட் மெர்தாஜமில் செரோக் தொக்குன், தண்ணீர்மலைக் கோயிலின் படிகள். முழங்கால் தேய்ந்தவர்கள், சிறு பிள்ளைகளோடு வருபவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல நடக்கத் தொடங்குபவர்கள் எல்லாம் அந்தப் பேச்சில் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற நடையும் இங்கே நிறைய இருக்கிறது. தீவில் மலையிலிருந்து கடலுக்கு ஓடும் சிற்றாறுகளின் ஓரம், பாலேக் புலாவ் வயல்வெளி, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நெல்வயல்களை அறுத்துக்கொண்டு நேர்கோடாகப் போகும் வாய்க்கால் கரைகள் என்று ஆண்டு முழுவதும் நடந்தாலும் தீராது.

ஆனால் மேடு இல்லாத பாதை என்றால் தயாரிப்பு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மலைப்பாதையில் கால்தான் களைக்கும். தலைக்கு மேல் காடு குடை பிடித்திருக்கும். வாய்க்கால் கரையில் கால் களைப்பதற்கு முன்பே வெயில் ஆளைச் சாய்த்துவிடும். மலையில் முடியவில்லை என்றால் திரும்பி இறங்கலாம். கரையில் முடியவில்லை என்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சேற்று வயல், அடுத்த பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன் நிழல் எங்கே, பாலம் எங்கே என்று கேட்க வேண்டும். தூரம் அதற்குப் பிறகுதான்.

வெயிலின் கடிகாரம்

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே அது சூரியனை விட முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல. மாதத்தைப் பொறுத்து 1 மணிக்கும் 1.35 மணிக்கும் இடையில்தான் வரும். விடிவதும் 7 மணியிலிருந்து 7.30க்குள். காலை 10 மணி என்று கடிகாரம் காட்டும்போது வானத்தில் இருப்பது எட்டே முக்கால் மணி வெயில்தான். காலை நடைக்கு இது பெரிய வசதி. மாலை நடைக்கு இதுவே பிரச்சினை. மாலை 4 மணிக்கு வெயில் இறங்கியிருக்கும் என்று கிளம்புகிறவர் உண்மையில் மூன்று மணிக்குச் சற்று முந்திய வெயிலில் நடக்கிறார். கரைப்பாதைக்கு மாலையில் போவதென்றால் 5.30க்கு முன் தொடங்க வேண்டாம். இருட்டும் முன் முடித்துவிட ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

நிழலைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் 10 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் காலை 9 மணிக்கு ஏறக்குறைய 21 மீட்டர் நிழல் தரும். 10 மணிக்கு அது 12 மீட்டர், 11 மணிக்கு 7 மீட்டர், 12 மணிக்கு 4 மீட்டருக்கும் குறைவு. காலையில் நிழல் மேற்கு நோக்கி விழும். ஆகவே வாய்க்கால் வடக்கு தெற்காக ஓடினால், மரவரிசைக்கு மேற்கே இருக்கும் பாதையைப் பிடியுங்கள். 10 மணி வரை நிழலிலேயே போகலாம். கிழக்கு மேற்காக ஓடும் வாய்க்காலில் காலை நிழல் பாதையோடு இணையாக விழுவதால், மரங்கள் அடர்த்தியாக இருந்தால்தான் பயன். அங்கே உச்சிவேளை நிழலுக்கும் மாதக் கணக்கு உண்டு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே 10 மீட்டர் மரம் நண்பகலில் வடக்குப் பக்கம் ஐந்தரை மீட்டர் நிழல் விரிக்கும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடும். நிழல் தெற்குப் பக்கம் மூன்று மீட்டர் சொச்சம். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அந்த நாட்களில் 11.30க்குப் பிறகு கரையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எந்தத் திசையில் முதலில் போவது? கிழக்கு மேற்குப் பாதையில் விடிந்ததும் கிழக்கு நோக்கிப் போங்கள். முகத்தில் படுவது இளவெயில். தொப்பி விளிம்பு போதும். திரும்பும் நேரத்தில் வெயில் ஏறியிருக்கும், ஆனால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். மறக்கக் கூடாத இடம் பிடரி. முன்விளிம்பு மட்டும் உள்ள கேப் தொப்பி பிடரியைக் காப்பதில்லை. சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வேண்டும், இல்லையென்றால் நனைத்த பருத்தித் துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். துண்டு இரண்டு வேலை செய்யும்: காயும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

வரைபடத்தில் பாலங்களை எண்ணுங்கள்

கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வாய்க்காலை நுனிமுதல் நுனிவரை விரலால் தள்ளிப் பாருங்கள். கார் போகும் பாலம், மோட்டார் சைக்கிள் மட்டும் போகும் குறுகிய பாலம், மதகு என்று குறுக்கே ஒன்று தெரியும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மதகைப் பாலமாக எண்ணிவிட வேண்டாம். பல மதகுகளில் மேலே நடக்கும் இரும்புப் பலகைக்குக் கதவு போட்டுப் பூட்டியிருப்பார்கள். படத்தில் பாலம்போலத் தெரிந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்து நின்றால், வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

முதியவர்களோடு போகும்போது பாலத்துக்கும் பாலத்துக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத பகுதியாகப் பாருங்கள். சமதரையில் நல்ல உடல்நிலையில் உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். நம் ஊர் ஈரப்பதத்தில், பேச்சும் பறவை பார்ப்பதும் சேர்த்து 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். பிள்ளைகளோ 70 வயதைத் தாண்டியவர்களோ இருந்தால் 3. அந்த வேகத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்பதே அரை மணி நேரம். யாருக்காவது தலை சுற்றினால் அரை மணி நேரம்தான் தாங்க வேண்டும், அதுவே அதிகம்.

பாதை இரு கரையிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒரு கரையில் போய்ப் பாலத்தில் கடந்து மறுகரையில் திரும்பலாம். ஒரு கரையில் மட்டும் பாதை இருந்தால் போய்த் திரும்பும் நடைதான். அப்போது தூரத்தைவிட நேரத்தை வைத்துத் திரும்புவது நல்லது. 7.30க்குத் தொடங்கியவர் எங்கே இருந்தாலும் 9 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னும் ஒரு கட்டுப்பாடு: கொண்டு போன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீரும்போது திரும்புங்கள், பாதி தீரும்வரை காத்திருக்க வேண்டாம். திரும்பும் பாதி எப்போதும் சூடான பாதி.

கரைப்பாதைகளில் பெரும்பாலானவை நடப்பவர்களுக்காகப் போட்டவை அல்ல. ஜே.பி.எஸ். எனப்படும் நீர்ப்பாசன வடிகால் இலாகா வாய்க்காலைத் தூர்வாரவும் மதகைப் பார்க்கவும் வைத்திருக்கும் பராமரிப்புப் பாதைகள் அவை. 'டிலாராங் மாசுக்' (உள்ளே நுழையாதீர்) பலகை இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலகை இல்லாத இடத்திலும் பாதை வயல்காரர்களுடையது என்ற நினைப்பு இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரமும் நெல் லாரியும் அதே கரையில் வரும். அவை நிற்காது, ஒதுங்கவும் அவற்றுக்கு இடம் கிடையாது. சத்தம் கேட்டதும் அகலமான இடம் பார்த்து, தண்ணீர்ப் பக்கம் அல்லாமல் வயல் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். மருந்து தெளிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாடை முகத்துக்கு வந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவது நல்லது. 'போலே லாலு, பாக் சிக்?' (இந்த வழியாகப் போகலாமா ஐயா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் முகம் மலராத விவசாயி அரிது. எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தரையும் காலணியும்

சமதரையில் கால் வலிப்பது ஏன் என்று பலர் வியப்பார்கள். மேடு பள்ளம் உள்ள பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு வேறு தசைக்கு வேலை கொடுக்கும். சமதரையில் ஒரே தசை, ஒரே கோணம், ஒரே அளவு அடி, 8 கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல். குதிகாலும் கெண்டைக்காலும்தான் முதலில் முறையிடும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, கெண்டைக்காலை நீட்டி, காலணிக் கயிற்றைத் தளர்த்திக் கட்டினால் போதும். சூட்டில் பாதம் வீங்கும். அதனால் காலணியில் கட்டைவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நகம் கறுத்துப் போவது இந்த இடம் இல்லாததால்தான்.

மழைநீர் வடியக் கரையின் மேற்பரப்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் நாலாவது கிலோமீட்டரில் ஒரு பக்க இடுப்பில் தெரியும். போகும்போது எந்த ஓரத்தில் நடந்தீர்களோ, திரும்பும்போதும் அதே ஓரத்தில் வாருங்கள். முதலில் இடது கால் தாழ்ந்திருந்தால் இப்போது வலது கால் தாழும், சுமை சமமாகிவிடும்.

காலணிக்கு நம் ஊரில் 'அடிடாஸ் கம்போங்' எனப்படும் ரப்பர் காலணி மேல் எல்லோருக்கும் பாசம். ரப்பர் தோட்டத்திலும் மலைச் சேற்றிலும் அதற்கு நிகர் கிடையாது. வாய்க்கால் கரைக்கு அது சரிவராது. அடியில் மெத்தை இல்லாததால் சிமென்ட், செம்மண் சரளையின் அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். காற்றும் புகாது. சாதாரண ஓட்டக் காலணி, முழுக் கணுக்காலை மூடும் காலுறை, இவை போதும். புல் வளர்ந்த கரையானால் நீளக் காற்சட்டை போடுங்கள். தொட்டாற்சிணுங்கி முள்ளும் கெமுஞ்சுப் புல்லின் விதையும் காலுறையைத் துளைத்து ஏறிவிடும், வீட்டுக்குப் போய்ப் பிடுங்கவே ஒரு மணி நேரம் ஆகும். மழைக்கு மறுநாள் களிமண் கரையைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் மண் ஒட்டிக் காலணி கனத்துப் போவதோடு, சரிவில் வழுக்கினால் முடிவது தண்ணீரில்தான்.

தண்ணீர் சொல்வதைக் கேட்பது

தீவின் ஆறுகள் குட்டையானவை. மலையில் பிறந்து சில கிலோமீட்டரில் கடலைத் தொட்டுவிடும். அதனால் மலையில் கொட்டும் மழை கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறத் தொடங்கலாம். அடையாளங்கள் மூன்று நான்கு: தெளிந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, கல்லில் மோதும் சத்தம் தடிப்பது, ஓரத்தில் நனையாதிருந்த கல் நனைந்து தெரிவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கரையின் மேல்மட்டத்துக்கு வந்துவிடுங்கள். பாலத்துக்கு அடியில் போகும் நடைபாதையில் அப்போது இறங்கவே கூடாது.

கடலை ஒட்டிய பகுதியில் இன்னொரு கணக்கு சேரும். பினாங்கில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த ஏற்றம் மிகுதி. கடல் ஏறும் நேரத்தில் மலைமழையும் வந்து சேர்ந்தால் ஆற்றுக்கு வடிய வழி இருக்காது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜே.பி.எஸ்.ஸின் 'பப்ளிக் இன்போ பஞ்சிர்' இணையத்தளத்தில் ஒவ்வொரு நிலையத்தின் நீர்மட்டமும் நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு படிகளில் காட்டப்படும். நடக்கப் போகும் ஆற்றின் மேல்பகுதி நிலையத்தைப் பாருங்கள், உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதை அல்ல. 'வஸ்பாடா' என்று இருந்தாலே வேறு நாள் போகலாம்.

வாய்க்காலில் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும். மேலே மதகைத் திறந்தால் போதும். விதைப்புக் காலத்தில் வாய்க்கால் நிரம்பி ஓடும், அறுவடையை ஒட்டி வற்றிக் கிடக்கும். இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் அதன் உண்மையான ஆழம் தெரியும். சிமென்ட் பூசிய சரிவில் பாசி படர்ந்திருக்கும். வயிறளவு தண்ணீரில் விழுந்தவர்கூட அதில் ஏற முடியாமல் தவிப்பார். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். துண்டு, பை வார், மரக்கிளை எதையாவது நீட்டுங்கள்; கரையில் படுத்துக்கொண்டு நீட்டினால் உங்களை இழுத்துவிடாது. விழுந்தவர் நீரோட்டத்தோடு போய் இரும்பு ஏணிப்படியோ பாலத்தூணோ வரும் இடத்தில் பிடிக்கட்டும். ஒருவர் 999க்கு அழைத்து அருகிலுள்ள பாலத்தின் பெயரைச் சொல்லட்டும். பாலங்களை முன்பே குறித்து வைத்ததன் பயன் இங்கேயும் இருக்கிறது.

மின்னலைப் பற்றி ஒரு சொல். திறந்த வயலில், உயர்ந்த கரையின் மேல் நிற்பவர்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் திரும்ப வேண்டாம். தனி மரமும் நாலு தூண் மட்டும் உள்ள வாகாஃப் என்ற திறந்த நிழற்கூரையும் மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. செங்கல் கட்டடமோ காரோ வேண்டும். பிற்பகல் இடிமழை எல்லோரும் அறிந்தது. மே முதல் செப்டம்பர் வரை மலாக்கா நீரிணைக்கு அப்பாலிருந்து விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேற்கே வானம் கறுத்த பட்டையாகத் தெரிந்தால் விடிகாலையானாலும் கிளம்பாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. பாதை உலர்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி.

எங்கே தொடங்கலாம்

முதல் நடைக்குத் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கப்பட்டது, பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கு. சுங்கை ஆயர் தெர்ஜுன் என்ற ஆறு உள்ளேயே ஓடுகிறது. தார்ப்பாதை, கழிப்பறை, பெரிய மரங்களின் நிழல், ஆற்றைக் கடக்கும் பாலங்கள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால் தள்ளுவண்டியில் குழந்தையையும் கொண்டு வரலாம். ஜெட்டியிலிருந்து 10ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்து வருகிறது. கீழ்ச்சுற்றைப் பிடியுங்கள். வாசலுக்கு அருகே மேலே பிரியும் ஜீப் பாதை பினாங்கு மலை உச்சிக்கு ஏறும் 5 கிலோமீட்டர் செங்குத்து. சமதரை தேடி வந்தவர் அதில் கால் வைக்க வேண்டியதில்லை. குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரப்பைக் கேட்டதும் வரும். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். அவற்றுக்கு அது சண்டைக்கு அழைப்பு. இதே ஆறுதான் கீழே போய், தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த டோபி காட் வழியாக ஓடிச் சுங்கை பினாங்கில் சேர்கிறது. அந்த முழு நீளத்துக்கும் தொடர்ச்சியான பாதை இருந்திருந்தால் தீவின் மிக நல்ல நடை அதுவாகவே இருந்திருக்கும்.

அடுத்த படி பாலேக் புலாவ். சுங்கை பூரோங், பூலாவ் பெத்தோங் பக்கத்து வயல்களுக்கு நடுவே குறுகிய தார்ச்சாலைகளும் வாய்க்கால் ஓரங்களும் பின்னிக் கிடக்கின்றன. கிழக்கே மலை இருப்பதால் விடிந்து வெகு நேரம் வரை மலையின் நிழலே வயலில் விழும். தீவில் காலை நடைக்கு இதைவிடக் குளிர்ந்த சமவெளி கிடையாது. மேற்கே கடல், அதனால் மாலை வெயில் தடையின்றி முகத்தில் அடிக்கும். காலையில்தான் போக வேண்டும். ஆறு, ஏழு கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் வந்தால் அசாம் லக்சா. டுரியான் பருவமானால் மே முதல் ஜூலைக்குள் வந்து, தோட்டத்துச் சரிவுப் பழத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகலாம். நடைக்குப் பிறகு, முன்னால் அல்ல.

நீண்ட நடைக்குச் செபராங் பிறை வடக்கு. கெடாவுடன் எல்லையாக ஓடும் சுங்கை மூடாவிலிருந்துதான் பினாங்கின் கச்சாத் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, வாய்க்கால் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த வட்டாரத்தில் எந்த வாய்க்காலிலும் ஒரு மிட்டாய்த் தாளைக்கூடப் போடக் கூடாது. நாம் வீட்டில் திறக்கும் குழாயின் மறுமுனை அது. இங்கே ஊர்கள் அமைந்திருக்கும் விதம் நடப்பவருக்குச் சாதகமானது. பெர்மாத்தாங் என்று பெயர் தொடங்கும் கம்பங்கள் (கிராமங்கள்) பழைய கடற்கரை மணல்மேடுகளின் மேல், கரைக்கு இணையாக வடக்கு தெற்காக வரிசையாக இருக்கின்றன. இடையிலுள்ள பள்ளத்தில்தான் நெல். கிழக்கு மேற்காகப் போகும் வாய்க்காலைப் பிடித்தால், மரநிழலே இல்லாத வயல், பிறகு தென்னையும் மாமரமும் கடையும் உள்ள கம்பம், மறுபடி வயல் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) குடித்து, அடுத்த வயலைக் கடக்கும் முன் மணியைப் பாருங்கள். வயல் நடுவே தூணின் மேல் நிற்கும் மரப்பெட்டிகள் எலி பிடிக்கும் கூகை ஆந்தைக்கு வைத்தவை. கீழே நின்று தட்டாதீர்கள். உழுத வயலில் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இறங்கியிருக்கும், வாய்க்கால் மேல் கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி.

தெற்கே நிபோங் தெபால், சுங்கை கெரியான் கரை. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகச் சதுப்பை வடித்த மண் இது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். ஆற்றோரம் இப்போது செம்பனையும், சதுப்பில் வளரும் நிப்பாப் பனையும். பாதை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், செம்பனைத் தோட்டங்கள் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.

பையில் என்ன, வழியில் யார்

மணிக்கு அரை லிட்டரிலிருந்து 700 மில்லி வரை தண்ணீர். 8 கிலோமீட்டர் நடைக்கு ஒன்றரை லிட்டர், அதாவது ஒன்றரைக் கிலோ சுமை. இரண்டு புட்டிகளாகப் பிரித்தால் முதுகு சமமாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு புட்டியில் 100 பிளஸ் பானம் அல்லது உப்பும் சீனியும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வெறும் தண்ணீராகவே மூன்று லிட்டர் குடித்துவிட்டுத் தலைவலி என்பவர்களுக்குக் குறைவது உப்புதான். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பு சேர்ப்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரையோ ஊசியோ போட்ட பிறகு வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் அதை உடனே வாயில் போட வேண்டும். களைப்பு என்று தள்ளிப்போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் அவர்களுக்கு வலிக்காமலே பெரிதாகும்.

வழியில் அதிகம் தொந்தரவு தருவது பாம்பல்ல, நாய். பாம்பு அதிர்வைக் கேட்டே விலகும். உயரப் புல்லில் கால் வைக்காமல் தரை தெரியும் இடத்தில் நடந்தால் போதும். கரையோர வீட்டு நாய்கள் தங்கள் எல்லைக்குள் வந்தவரை விரட்டும். ஓடாதீர்கள். நின்று, பையை முன்னால் பிடித்து, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி விஷயத்தில் நாளைக்குப் பார்ப்போம் என்பது கிடையாது. மாமரத்தடியில் ஓய்வெடுக்கும் முன் கிளையைப் பாருங்கள், முசுறுக் கூடு இருந்தால் வேறு மரம். தூண்டில் போடுகிறவர்களின் பின்னால் போகும்போது குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். வீசும் முள் பின்னால்தான் முதலில் வரும்.

நடை முடிந்ததும் காலணியை வாசலிலேயே கழற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். வாய்க்கால் சேற்றில் எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் போகும் முன்பே நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், ஆற்றுத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், சில சமயம் ஒரு மாதம் வரை தள்ளியும், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வரும். பார்க்க டெங்கிபோலவே இருக்கும். கிளினிக்கில் உட்கார்ந்ததும் எந்த ஆற்றோரம், எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்திலேயே அடங்கிவிடும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும்.